வேங்கடத்து அம்புலியும் நிலவுப் பயணப் புனைவும்

முன்னுரை

தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாக வேங்கடத்தைத் தொல்காப்பியப் பாயிரம் சுட்டுகிறது. அவ்வெல்லை மலையைச் சூழ்ந்த நிலப்பகுதி, 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை வடஆர்க்காட்டு மாவட்டத்தோடு இணைந்திருந்தது. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமானபோது, அதுவரை நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சூளூர்ப்பேட்டைப் பகுதியும் அதனுள் அடங்கிய ஸ்ரீஹரிகோட்டாவும் புதிய மாவட்டத்துள் வந்தன. இதனால், நிலவைக் கைநீட்டி அழைப்பதாக ஆழ்வார் பாடிய இறைவனின் மலையும், நிலவுக்குக் கலம் செலுத்தும் ஏவுதளமும் இன்று ஒரே மாவட்டத்தில் அமைந்துள்ளன. இது நிருவாகத்தால் நேர்ந்த தற்செயல் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒப்பாய்வுக்குப் பொருத்தமான களம் ஒன்றை இத்தற்செயல் அளித்துள்ளது.

நிலவுப் பயணத்தைப் பொருளாகக் கொண்ட தொடக்ககால அறிவியல் புனைகதைகள் குறித்துத் தமிழில் பேசப்படும்போது இருவகைக் கருத்துகள் முன்வைக்கப்படுகின்றன. பழந்தமிழ் இலக்கியத்திலும் புராணங்களிலும் வான்பயணம் முன்பே கூறப்பட்டுவிட்டதாகலின் அறிவியல் புனைகதை நமக்குப் புதிதன்று என்பது ஒன்று. அத்தகைய கற்பனையே இங்குத் தோன்றவில்லை, பின்னர் வந்தவை யாவும் மேலைநாட்டுப் போலிகள் என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றும் இவ்விரு கருத்துகளும் மேலைப் புனைவு வடிவத்தையே அளவுகோலாகக் கொள்கின்றன. முன்னது அவ்வளவுகோலுக்கு நம் இலக்கியத்தை நீட்டுகிறது, பின்னது அதே அளவுகோலால் குறைக்கிறது. சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் மூன்று நிலவு மரபுகளை மேலை நிலவுப் பயணப் புனைவுகளோடு ஒப்பிட்டு, இவ்விரு கருத்துகளின் பொருத்தமின்மையை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலவுப் பயணப் புனைவின் இலக்கணம்

நிலவுப் பயணக் கதைகளுள் பழமையானதாகக் கருதப்படுவது கி.பி. 2ஆம் நூற்றாண்டில் லூசியன் கிரேக்க மொழியில் எழுதிய ‘உண்மைக் கதை’யாகும். சூறைக்காற்றால் தூக்கப்பட்ட கப்பல் ஏழு பகலும் ஏழு இரவும் வானில் சென்று நிலவை அடைகிறது. அங்கு நிலவின் அரசனும் கதிரவனின் அரசனும் விடிவெள்ளியில் குடியேற்றம் அமைப்பது பற்றிப் போரிடுகின்றனர். தாம் கூறுவன அனைத்தும் பொய் என லூசியன் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறார். வரலாற்றாசிரியர்களையும் பயணக் கதைஞர்களையும் எள்ளுவதே அவர் நோக்கம்.

இக்கதையையும் இதன்பின் வந்தவற்றையும் ஒருங்கு நோக்கும்போது, இவ்வகைமைக்கு மூன்று கூறுகள் இன்றியமையாதனவாகத் தெரிகின்றன. முதலாவது, நிலவு ஓர் ‘இடம்’ ஆதல் வேண்டும். இரண்டாவது, அங்குச் செல்லும் வழி கணக்கிடத்தக்கதாதல் வேண்டும். மூன்றாவது, பசியும் அச்சமும் உடைய உயிருள்ள உடல் அவ்வழியே செல்லவேண்டும், அவ்வனுபவம் கேட்பாரை அடையவும் வேண்டும்.

இம்மூன்றும் நம் மரபில் முற்றிலும் இல்லாதன அல்ல. மணிமேகலையில், புகாரிலிருந்து முப்பது யோசனை தொலைவிலுள்ள மணிபல்லவத்திற்கு மணிமேகலை கொண்டு செல்லப்படுகிறாள். வேற்றுருக் கொள்ளவும் வான்வழிச் செல்லவும் உதவும் மந்திரங்களோடு பசியை நீக்கும் மந்திரமும் அவளுக்கு அருளப்படுகிறது. தொலைவுக்கு எண் கூறப்படுகிறது, பயணம் செய்யும் உடலின் பசியும் மறக்கப்படவில்லை. சீவக சிந்தாமணியின் மயிற்பொறி, இயக்கக் கற்றுக்கொள்ளத்தக்க கருவியாகவே படைக்கப்பட்டுள்ளது. நிலவை ஓர் இடமாகக் கொள்ளும் எண்ணமும் இந்திய மரபிற்கு அயலானதன்று. இறந்தோர் உயிர் நிலவை அடைந்து, பின்னர் மழையாக மண்ணுக்கு மீளும் என்பது சாந்தோக்கிய உபநிடதக் கருத்து. ஆயின், இம்மூன்றும் ஒரே பனுவலில் ஒன்றுசேரவில்லை. உடலோடு செல்பவள் நிலவுக்குச் செல்வதில்லை, நிலவுக்குச் செல்வது உடலோடு செல்வதில்லை. கூறுகள் தனித்தனியே இருப்பதைக் காட்டி வகைமையே இருந்தது என வாதிடுவது ஆய்வு நெறியாகாது.

இங்கு ‘வைமானிக சாத்திரம்’ பற்றிய விவாதம் நினைவுகூரத்தக்கது. பண்டைய விமான நூலாகப் பரப்பப்பட்ட இதனை 1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து, அது 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திற்கு முற்பட்டதன்று என்றும், அதில் கூறப்பட்ட ஊர்திகள் பறக்க இயலாதவை என்றும் நிறுவினர். பெருமித நோக்கில் செய்யப்படும் உரிமைக்கோரல், உண்மையாகவே பழமையும் சிறப்பும் உடைய பனுவல்களின் மதிப்பையும் கெடுத்துவிடுகிறது.

அழைக்கப்படும் நிலவு

தமிழ் இலக்கியத்தில் நிலவோடு கொள்ளும் உறவின் தலையாய வடிவம் செல்லுதல் அன்று, அழைத்தல் ஆகும். பிள்ளைத்தமிழின் ஏழாவதாகிய அம்புலிப் பருவம் இதற்கென்றே அமைந்தது. சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களாலும் நிலவைப் பிள்ளையோடு விளையாட அழைப்பது இதன் மரபு. ‘பிள்ளைக்கவிக்கு அம்புலி புலி’ எனப் புலவர்கள் இதன் அருமையைக் குறிப்பர். அருமைக்குக் காரணம், இப்பருவம் வருணனை மட்டும் அன்று, வாதமும் ஆகும் என்பதே. நிலவின் வளர்தலும் தேய்தலும், அதன் மறு, அரவு விழுங்கும் அச்சம் எனப் புலவன் நிலவைப் பற்றி அறிந்தன அனைத்தும் இங்கு வாதத்திற்குரிய சான்றுகளாகின்றன.

இவ்வழைப்பின் முற்பட்ட சிறந்த வடிவம் பெரியாழ்வார் திருமொழியில் காணப்படுகிறது. யசோதை நிலையில் நின்று பாடும் ஆழ்வார், கண்ணனை வேங்கடத்து இறைவனாகவே சுட்டி, அவன் அழைக்கும் கை நோவதற்கு முன் விரைந்து வருமாறு நிலவை வேண்டுகிறார். எவ்வளவு ஒளி பரப்பினும் தன் மகன் முகத்திற்கு நிலவு ஒப்பாகாது என்கிறார். தொடர்ந்து, சிறுவன் என்று இகழவேண்டா எனவும், ஆலிலையில் துயின்றவனாகிய இவன் வெகுண்டால் மேலே பாய்ந்து பற்றிக்கொள்வான் எனவும் எச்சரிக்கிறார்.

இவ்வெச்சரிக்கை தனித்து நோக்கத்தக்கது. நிலவை நோக்கி மேலெழும் செயல் ஆழ்வாரின் கற்பனைக்கு எட்டாததன்று. அது தண்ட உபாயமாக, ‘வெகுண்டால்’ என்னும் நிபந்தனைக்குள் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. பாய்ந்து பற்றுதல் வன்மையின் வழி, அழைத்தல் அன்பின் வழி. வலிமை இருந்தும் அது பயன்படுத்தப்படாமையே பாசுரத்தின் சுவைக்கு அடிப்படை. எனவே நிலவுப் பயணம் இங்கு எண்ணப்படவே இல்லை என்பார் கூற்று பிழையாகிறது. எண்ணப்பட்டது, ஆனால் செய்யத்தகாததாக ஒதுக்கிவைக்கப்பட்டது என்பதே பொருந்தும்.

இம்மரபு மொழியெல்லையைக் கடந்தும் செல்கிறது. திருமலையில் வாழ்ந்து தெலுங்கில் சங்கீர்த்தனங்கள் இயற்றிய தாள்ளபாக்க அன்னமாசாரியார் (1408–1503), வேங்கடவனாகிய குழந்தைக்குப் பொற்கிண்ணத்தில் வெண்ணெயும் பாலும் கொண்டுவருமாறு நிலவை அழைத்துப் பாடியுள்ளார். சோறூட்டும் தாய் நிலவைக் காட்டும் வழக்கம் இவ்வட்டாரத்தின் இருமொழியாளர்க்கும் பொதுவானது. இரு மொழிகளிலும் வேங்கடத்து இறைவன் நிலவை அழைக்கும் குழந்தையாகிறான்.

காளத்தி நிழலும் கெப்ளரின் கனவும்

திருப்பதியை அடுத்த திருக்காளத்தி (ஸ்ரீகாளஹஸ்தி) ராகு கேது பூசைக்குப் பெயர் பெற்றது. கிரகண நேரத்தில் திருமலைக் கோயில் நடை சாத்தப்பட, காளத்திக் கோயில் திறந்திருப்பது வழக்கம். ராகுவும் கேதுவும் சோதிட மரபில் சாயாக் கிரகங்கள், அதாவது நிழற்கோள்கள் எனப்படுகின்றன. நிழலே தெய்வமாகி வழிபாட்டுக்குரியதாவது காளத்தி மரபின் தனித்தன்மை.

யோகான்னசு கெப்ளரின் ‘சோம்னியம்’ (கனவு) என்னும் இலத்தீன் நூலில் இதே நிழல் வேறொரு பணியைச் செய்கிறது. ஐசுலாந்தைச் சேர்ந்த துராகோட்டசு என்னும் இளைஞனின் தாய் மூலிகைகள் விற்பவள், ஆவிகளோடு பேசுபவள். அவள் அழைக்கும் ஆவி, ‘லெவானியா’ எனப்படும் நிலவுக்குச் செல்லும் வழியைக் கூறுகிறது. கதிரொளிக்கு அஞ்சும் ஆவிகள், கிரகண காலத்தில் புவியின் நிழல் நிலவைத் தொடும்போது அந்நிழல் வழியே பயணம் செய்கின்றன. கிரகணம் நீடிக்கும் நேரமே பயண நேரமாதலின் நான்கு மணி நேரத்திற்குள் ஐம்பதாயிரம் செர்மன் மைல் கடக்கப்பட வேண்டும். உடன் செல்லும் மனிதனுக்கு மயக்க மருந்து தரப்படுகிறது, புறப்பாட்டின் அதிர்ச்சியைத் தாங்கும் வகையில் அவன் உறுப்புகள் ஒழுங்குபடுத்தப்படுகின்றன, மூச்சுக்காக ஈரப்பஞ்சு மூக்கருகே வைக்கப்படுகிறது.

ஆவி வருவதால் இந்நூலை மாயக்கதை எனத் தள்ளிவிட இயலாது. வழியும் நேரமும் உடலின் நிலையும் கணக்கிடப்பட்டுள்ளன. நூலுக்குக் கெப்ளரே எழுதிய 223 குறிப்புகள் கதையினும் நீண்டவை. மறுபுறம், கிரகணத்திற்குக் காரணம் நிழலே என்னும் அறிவு இந்தியாவில் இல்லாமலும் இல்லை. கி.பி. 499இல் ஆரியபட்டர் அதனைக் கணித முறையில் விளக்கிவிட்டார். எனவே வேறுபாடு அறிவின் இன்மையால் விளைந்ததன்று. கணிதத்தில் நிழலாகவும் வழிபாட்டில் தெய்வமாகவும் இருந்த ஒன்றைக் கெப்ளர் கதையில் பாதையாக மாற்றினார். காரணத்தைப் பாதையாக்கும் இம்மாற்றமே அறிவியல் புனைவின் பிறப்பிடம் எனலாம்.

அதற்கு அவர் கொடுத்த விலையும் எண்ணத்தக்கது. கையெழுத்துப்படி நூல் அச்சேறுமுன்னரே பலர் கைக்குச் சென்றது. கெப்ளரின் தாய் கத்தரீனா 1615இல் சூனியக்காரி எனக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையிடப்பட்டு 1621இல் விடுவிக்கப்பட்டார். கதையில் வரும் தாயின் சித்திரிப்பு அவ்வதந்திக்கு இடந்தந்திருக்கக்கூடும் எனக் கெப்ளர் வருந்தினார். நூல் அவர் மறைவுக்குப் பின்னர் 1634இல் மகனால் வெளியிடப்பட்டது. ஆவிகளை ஏற்றுக்கொண்ட சமூகத்தில் ஆவியைக் கதைக்கருவியாக்குவதும் இடர் தருவதாயிற்று.

காணிப்பாக்கத்துப் பிறை: மறுவும் மலையும்

சித்தூரை அடுத்த காணிப்பாக்கம் விநாயகர் தலம். அதன் பெருவிழா விநாயக சதுர்த்தியன்று தொடங்குகிறது. தன்னைக் கண்டு நகைத்த நிலவை விநாயகர் சபித்ததாகவும், ஆகவே அந்நாளில் பிறையைக் காண்பது பழிக்கு இடமாகும் எனவும் புராண மரபு கூறும். நிலவு இங்குத் தவறு செய்த ஒருவன், அதன் மறு ஒழுக்கக் குறையின் அடையாளம். பிள்ளைத்தமிழ்ப் புலவர்களும் பேத உபாயத்தில், குறையற்ற பிள்ளைக்கு எதிராக நிலவின் களங்கத்தைச் சுட்டுவர்.

1610இல் கலிலியோ தம் தொலைநோக்கி வழியே கண்டவற்றை நூலாக வெளியிட்டபோது அம்மறுவின் பொருள் மாறியது. நிலவின் இருளும் ஒளியும் மலைகளாலும் பள்ளங்களாலும் ஆனவை என அவர் காட்டினார். மலையுச்சிகளில் ஒளி படும் முறையைக் கொண்டு அவற்றின் உயரத்தையும் கணித்தார். மறு மலையாயிற்று. மலை உண்டெனில் நிலம் உண்டு, நிலம் உண்டெனில் காலூன்றலாம். லூசியன் பொய் என்று அறிவித்துச் சொன்னதை இனி மெய் போலச் சொல்ல இயன்றது. பிரான்சிசு காட்வினின் ‘நிலவில் மனிதன்’ என்னும் கதையும், நிலவு வாழத்தக்க உலகமாகலாம் என வாதிட்ட சான் வில்கின்சின் நூலும் 1638ஆம் ஆண்டிலேயே வெளிவந்தமை இம்மாற்றத்தின் விளைவாகும். காட்வினின் தலைவன் அன்னம் போன்ற பறவைகள் இழுக்கும் பொறியில் மேலே செல்கிறான். ஓர் உயரத்திற்குப் பின் எடை குறைவதை உணர்கிறான். நிலவு மக்களின் மொழி இசையாலானது.

மறு குறையாக இருக்கும் வரை நிலவு ஓர் ஆள், மறு மலையானபின் நிலவு ஓர் ஊர். ஆளை அழைக்கலாம், ஊருக்குச் செல்லலாம். அழைத்தல், செல்லுதல் என்னும் இரு மரபுகளின் வேறுபாடும் இப்பொருள்மாற்றத்தில் அடங்கியுள்ளது. இதனைக் கற்பனைத் திறனின் ஏற்றத்தாழ்வாகக் கொள்வது பொருந்தாது.

பீரங்கியும் உலோகமும்

19ஆம் நூற்றாண்டில் வழி என்பது பொறியியலாகிறது. சூல் வெர்னின் ‘புவியிலிருந்து நிலவுக்கு’ (1865) 97 மணி 20 நிமிடப் பயணத்தைத் தன் துணைத்தலைப்பிலேயே அறிவிக்கிறது. 900 அடி நீளமுள்ள பீரங்கி, நொடிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வேகம், மூன்று பயணிகள் என அனைத்திற்கும் எண்கள் தரப்படுகின்றன. தொடர்ச்சியான ‘நிலவைச் சுற்றி’யில் (1870) கலம் நிலவில் இறங்காமல் சுற்றித் திரும்பிக் கடலில் விழுகிறது. அவ்வெண்களைக் கொண்டே கணக்கிட்டால், பீரங்கிக்குள் பயணிகள் மீது புவியீர்ப்பைப் போல் இருபதாயிரம் மடங்குக்கு மேற்பட்ட விசை தாக்கும். ஒருவரும் உயிர் பிழைத்திருக்க இயலாது. உடலைப் பேணுவதில் மயக்க மருந்தும் பஞ்சும் கொடுத்த கெப்ளரைவிட வெர்ன் கவனக் குறைவுடையவர் என்பது வியப்பளிக்கும் உண்மையாகும்.

எச்.ஜி. வெல்சின் ‘நிலவில் முதல் மனிதர்’ (1901) ஈர்ப்பைத் தடுக்கும் கற்பனைப் பொருளைப் பயன்படுத்துகிறது. தாம் வெடிமருந்தைப் பயன்படுத்தியிருக்க, வெல்சு இல்லாத உலோகத்தைப் புனைந்துவிட்டார் என வெர்ன் குறைகூறினார். எனினும் வெல்சின் வலிமை கருவியில் இல்லை. செல்பவர் இருவருள் கேவர் அறிவை நாடுகிறார், பெட்ஃபோர்டு பொன்னை நாடுகிறார். நிலவுவாழ் உயிர்களின் தலைவனிடம் மனிதரின் போர்களைப் பற்றிக் கேவர் வெள்ளையாகக் கூறிவிட, அவரிடமிருந்து வந்த செய்திகள் நின்றுபோகின்றன. சென்றடையும் இடத்தில் ஏற்கெனவே வாழ்பவர்க்கு வருபவரால் என்ன நேரும் என்னும் வினாவை எழுப்பியதால், இந்நூல் நிலவுப் பயண மரபின் அறநூலாகவும் திகழ்கிறது.

தமிழில் ஒரு திருப்பம்

1910இல் நூலாக வந்த பாரதியின் ‘ஞானரதம்’ திருவல்லிக்கேணியிலிருந்து புறப்பட்டு உபசாந்தி உலகம், கந்தர்வ உலகம் முதலியவற்றைக் கண்டு மீளும் பயணத்தைக் கூறுகிறது. செல்வோன் தன்னிலையில் பேசுகிறான், மீண்டு வந்து சொல்கிறான். ஆனால் ஊர்தி ஞானம், உலகங்கள் மனநிலைகள். வடிவம் பயணக் கதையினது, வழி கணக்கிடப்படாதது. ஆகவே இதனை அறிவியல் புனைகதையாக்குவது மிகை, அதன் முன்னோட்ட வடிவங்களுள் ஒன்றாகக் கொள்வது தகும். அதே பாரதி, ‘பாரத தேசம்’ என்னும் பாடலில் சந்திர மண்டலத்தின் இயல்பை அறியும் விழைவையும் தெருவைத் தூய்மை செய்யும் கலையைக் கற்கும் விழைவையும் அடுத்தடுத்து வைத்தார். வானறிவைத் தெருவினின்று பிரிக்காத இப்பார்வை வெல்சின் அறவினாவோடு ஒப்பிடத்தக்கது.

1963இல் வெளிவந்த ‘கலை அரசி’ திரைப்படத்தில் வேற்றுக்கோளினர் புவிக்கு இறங்கி, இசையில் வல்ல பெண்ணொருத்தியைக் கவர்ந்து செல்கின்றனர். தலைவன் அவளை மீட்கச் செல்கிறான். வானத்தவரே முதலில் இங்கு வருகின்றனர் என்னும் அமைப்பு, செல்லுதலினும் வருதலை முதன்மையாக்கும் பழைய மரபின் எச்சமாகக் கொள்ளத்தக்கது.

ஸ்ரீஹரிகோட்டா: புனைவும் நிலமும்

ஏவுமிடத்தைத் தேர்வதற்கு வெர்ன் தம் கதையில் நீண்ட பகுதியை ஒதுக்குகிறார். நிலவு தலைக்கு நேரே வரக்கூடிய குறைந்த அட்சரேகைகளுள் இருக்கவேண்டும் என்பதால் புளோரிடா தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஏறத்தாழ 13.7 பாகை வட அட்சத்தில் கிழக்கே கடலை நோக்கி அமைந்த ஸ்ரீஹரிகோட்டா 1969இல் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணங்கள் வேறு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் கிழக்கு நோக்கி ஏவினால் புவிச்சுழற்சி துணை செய்யும், கழன்று விழும் பகுதிகள் கடலில் விழும். 1971 அக்டோபரில் இங்கிருந்து முதல் ஆய்வு ஏவூர்தி செலுத்தப்பட்டது. சந்திரயான்-1 (2008 அக்டோபர் 22), சந்திரயான்-2 (2019 ஜூலை 22), சந்திரயான்-3 (2023 ஜூலை 14) ஆகிய மூன்றும் இங்கிருந்தே சென்றன. முதலாவதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரையும் மூன்றாவதன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேலும் தமிழர்கள்.

2023 ஆகஸ்டு 23இல் நிலவின் தென்துருவப் பகுதியருகே இறங்கிய கலம் ஒரு நிலவுப் பகல், அதாவது ஏறத்தாழ 14 புவிநாள்கள் இயங்கியபின், நீண்ட கடுங்குளிர் இரவுக்கு முன் செப்டம்பர் தொடக்கத்தில் உறக்க நிலையில் வைக்கப்பட்டது. அது மீண்டும் விழிக்கவில்லை. அரைத்திங்கள் பகலின் வெம்மையையும் அரைத்திங்கள் இரவின் உறைபனியையும் ‘சோம்னியம்’ முன்பே விரித்துரைத்திருந்தது. புனைவின் கணக்கு மெய்யான இடம் அதுவே. நிழல்வழிப் பயணம் பொய்யாயினும் நிலவின் இரவு பொய்யாகவில்லை.

வெல்சின் வினாவும் இத்தீவுக்குப் பொருந்துகிறது. ஏவுதளம் அமைவதற்கு முன் ஸ்ரீஹரிகோட்டாவில் யானாதிப் பழங்குடியினர் வாழ்ந்து வந்தனர். தளத்திற்காக அவர்கள் இடம்பெயர்க்கப்பட்டனர். வேற்றுலகில் வாழ்வோர்க்கு நேர்வதை நிலவுப் புனைவுகள் பேசின. புறப்படும் நிலத்தில் வாழ்வோர்க்கு நேர்வதை அவை பெரும்பாலும் பேசவில்லை. இப்பொருளை எழுதும் வாய்ப்பு இவ்வட்டாரத்துத் தமிழ், தெலுங்குப் படைப்பாளர்க்கே மிகுதியாக உண்டு.

சந்திரயான்-3 ஏவப்படுவதற்கு முந்திய நாள், இஸ்ரோ அறிவியலாளர் குழுவினர் கலத்தின் சிறு மாதிரியோடு திருமலையில் வழிபட்டனர். இதனைப் பிற்போக்கு என இகழ்ந்தோரும் பழமையின் வெற்றி எனப் புகழ்ந்தோரும் உளர். இலக்கிய ஆய்வுக்கு இவ்விரண்டும் தேவையில்லை. நிலவை அழைத்த தெய்வத்தின் முன் நிலவுக்குச் செல்லும் கலம் வைக்கப்பட்டபோது, இரு மரபுகளும் ஒன்றையொன்று மறுக்காமல் அருகருகே நின்றன என்பதே குறிக்கத்தக்கது.

முடிவுரை

நிலவு இடமாதல், வழி கணக்கிடப்படுதல், உயிருடல் சென்று அனுபவம் சொல்லப்படுதல் என்னும் மூன்றும் ஒன்றுகூடியபோது நிலவுப் பயணப் புனைவு தோன்றியது. அவை தமிழிலும் இந்திய மரபிலும் தனித்தனியே காணப்பட்டும் ஒரே பனுவலில் கூடவில்லை. அதற்குக் காரணம் அறிவின்மையோ கற்பனை வறுமையோ அன்று. நிலவு இங்கு அழைக்கத்தக்க ஆளாக இருந்தது. மேலெழுந்து பற்றும் ஆற்றல் எண்ணப்பட்டும், வெகுளியின் வழியாக விலக்கிவைக்கப்பட்டது.

ஆகவே, ‘முன்பே இருந்தது’ என்னும் பெருமிதமும் ‘இருந்ததே இல்லை’ என்னும் இரங்கலும் ஒருங்கே கைவிடத்தக்கன. வேங்கடத்தின் அழைப்பு, காளத்தியின் நிழல், காணிப்பாக்கத்தின் மறு ஆகிய மூன்றும் நிலவுப் புனைவை வாசிப்பதற்கு இவ்வட்டாரம் தரும் சொந்த அளவுகோல்கள். அவற்றைக் கொண்டு நோக்கும்போது, செல்லும் ஆற்றலைப் பெற்றுவிட்ட காலத்திற்கும் அம்புலிப் பருவம் ஒரு செய்தியை வைத்திருப்பது புலனாகிறது. பாய்ந்து பற்ற வல்லவன் கைநீட்டி அழைக்கவும் செய்தான் என்பதே அச்செய்தியாகும்.